பெயர் எழுதாத அழைப்பு

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல், மத்திய ரத்த விநியோக அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், யாரும் அழைப்பதில்லை என்று உறுதி செய்யப்பட்ட நாற்பத்தொரு துணை நிரல்கள் கணினியிலிருந்து நீக்கப்பட்டன.

நீக்கியவளை அலுவலகத்தில் எல்லோரும் துடைப்பம் என்றுதான் சொல்வார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளே ஒருநாள் கைப்பிடி அளவில் ஒரு துடைப்பத்தை வாங்கிவந்து மேஜைமேல் நிறுத்தி வைத்ததும், முகத்துக்கு நேராகவே சொல்லத் தொடங்கினார்கள். அவள் வேலையும் அதுதான். ஊர் ஊராக இருக்கும் ரத்த வங்கிகளை இணைக்கும் கணினி ஏற்பாடு, பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்குக் குடிபெயரப் போகிறது. வீடு மாற்றுகிறவர்கள் ஓட்டைப் பானையையும் கால் உடைந்த நாற்காலியையும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள் அல்லவா? எது ஓட்டை, எது உடைசல் என்று பார்த்துக் கழிப்பது அவள் பொறுப்பு.

அந்த ஏற்பாடு எழுதப்பட்டிருந்தது வியாபாரக் கணக்குகளுக்கென்றே பிறந்த ஒரு பழைய நிரல் மொழியில். சம்பளம் போடவும் சரக்கு இருப்புப் பார்க்கவும் உண்டான மொழி. அதனிடம் ரத்தத்தைக் கொடுத்தபோது அது முகம் சுளிக்கவில்லை. ரத்தப் பையும் சரக்குதான்: வந்தது, போனது, காலாவதியானது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய நிரல் உட்கார்ந்திருந்தது. மருத்துவமனைகளிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி, இந்த வேலையை நீ செய், அந்த வேலையை நீ செய் என்று நூற்றுக்கணக்கான துணை நிரல்களை ஏவுவது அது. யாரோ எப்போதோ அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏவப்படுகிறவர்கள் மருமகள்கள். மாமியாரை எழுதியது யார் என்பது யாருக்கும் தெரியாது. நிரலின் தலைப்பில் எழுதியவர் பெயர் போடவேண்டிய இடம் காலியாக இருந்தது.

துடைப்பம் இரண்டு சோதனைகள் வைத்திருந்தாள். ஒரு மருமகளின் பெயர் வேறெந்த நிரலிலாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுவாள். கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது அது ஓடியிருக்கிறதா என்று பார்ப்பாள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அது செத்த நிரல். அந்த வியாழக்கிழமை அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை தேடிய பிறகே பொத்தானை அழுத்தினாள்.

“போய்ச் சேந்துச்சா எல்லாம்?” என்று கேட்டார் பிரிவு மேலாளர். எதைச் சொன்னாலும் ‘சரி சரி’ என்பதால் அவருக்குச் சரிசரி என்றே பெயர்.

“நாப்பத்தொண்ணும் போச்சு சார். ஒருத்தரும் அழல.”

“சரி சரி.”

ஒருவரும் அழவில்லைதான், அடுத்த செவ்வாய்க்கிழமை வரை.

அன்று காலை அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது.

“ஹலோ, கம்ப்யூட்டர் செக்‌ஷனா? இதோட அஞ்சு பேர் என்னை மாத்தி விட்டுட்டாங்க. நீங்களும் மாத்தினா நான் நேர்லயே கிளம்பி வந்துடுவேன், சொல்லிட்டேன்.”

“மாத்த மாட்டேன். சொல்லுங்க.”

பேசியது ஒரு மருத்துவமனையின் ரத்த அறையில் வேலை செய்யும் பெண். மூச்சு வாங்காமல் பேசினாள். அங்கே ஒரு கர்ப்பிணி. லட்சத்தில் ஒருவருக்கு இருக்கிற ரத்த வகை. யாருக்கும் கொடுக்கலாம் என்று பெயர் வாங்கிய வகைகூட இந்தப் பெண்ணுக்கு ஆகாது. ஏற்றினால் உடம்பு அதை எதிரியாக நினைத்து அழிக்கும். கூடவே தன்னையும் அழித்துக்கொள்ளும்.

“பழைய தையல் மேலயே நஞ்சுக்கொடி ஒட்டிக்கிட்டிருக்கு மேடம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கத்தி வெச்சே ஆகணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. வெச்சா ரத்தம் கொட்டும். திருப்பி ஏத்த என்கிட்ட ஒரு சொட்டு கிடையாது.”

“கோரிக்கை போட்டீங்களா?”

“நேத்தே போட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே அம்மாவுக்கு முதல் பிரசவம். அப்பவும் நான்தான் போட்டேன். போட்டுட்டு ஒரு வாய் டீ குடிக்கல, இந்த ஊர்ல இந்த ஃப்ரீசர்ல இந்தத் தட்டுல இருக்கு, எடுத்துக்கோன்னு பதில் வந்துடுச்சு. இப்ப? ‘பெறப்பட்டது’ன்னு ஒரே வார்த்தை. கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்கு.”

“மறுபடி கூப்பிடறேன். உங்க நேர் நம்பரைக் கொடுங்க.”

“கூப்பிடுங்க. கூப்பிடலைன்னா நான் கூப்பிடுவேன். நல்லா இருக்காது.”

அபூர்வ வகை ரத்தத்தை ஆழ்குளிரில் உறையவைத்துப் பாதுகாப்பார்கள். நான்கு ஊர்களில் அதற்கான பெட்டிகள் இருந்தன. உறைந்த பையை எடுத்து, இளக்கி, கழுவி, ஏற்றும் பதத்துக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். மதியத்துக்குள் பை வெளியே வந்தால்தான் மாலைக்கு உதவும். சரிசரி நான்கு ஊர்களுக்கும் தானே தொலைபேசியில் பேசினார். நான்கு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே பதில்.

“தட்டு நம்பர் சொல்லுங்க சார். உள்ள எல்லாம் பனி மூடிக் கிடக்கு. ஒவ்வொண்ணா எடுத்துச் சொரண்டிப் பாத்துக்கிட்டிருந்தா, மத்தவங்க பை அத்தனையும் கெட்டுப்போயிடும்.”

தட்டு எண்ணைச் சொல்லவேண்டியது கணினி. கணினியோ வாயைத் திறக்கவில்லை.

துடைப்பம் இயந்திர அறைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிரல்கள் ஓடுவதைக் கண்காணிக்கும் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பச்சைவிளக்கு என்று பெயர். எப்போது கேட்டாலும் திரையைக் காட்டி, ‘எல்லாம் பச்சை’ என்பார்.

“அந்த ஆஸ்பத்திரி கோரிக்கை எங்க மாட்டிக்கிச்சு பாருங்க.”

“எங்கயும் மாட்டல. நேத்து வந்துச்சு, மாமியார் வாங்கினாங்க, வேலை முடிஞ்சுதுன்னு எழுதி வெச்சாங்க. பிழை பூஜ்யம். எல்லாம் பச்சை.”

“பச்சையா இருக்கறதுதான் பயமா இருக்கு.”

“சிவப்பா இருந்தாலும் திட்டறீங்க, பச்சையா இருந்தாலும் திட்டறீங்க. நான் எந்தக் கலர்லதான் வெக்கறது?”

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு மாமியாரின் வரிகளைத் திரையில் திறந்தாள். அவள் வியாழக்கிழமை நீக்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ? இருக்க முடியாது. இரண்டு தடவை தேடினாளே. அந்த நாற்பத்தொரு பெயர்களில் ஒன்றுகூட மாமியாரின் பல்லாயிரம் வரிகளில் எங்கும் இல்லை. இருந்த ஒன்றைப் பிடுங்கியிருந்தால் மாமியார் ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். ஒரு சத்தம் இல்லையே.

அப்போது அவளுடைய கைப்பேசி அடித்தது. கணவன்.

“இந்தா, நான்தான். மாடிக் கதவுச் சாவியை எங்க வெச்சே?”

“செருப்பு ஸ்டாண்டு மேல. நான் முக்கியமான வேலையில இருக்கேன்.”

“சரி. அம்மா கேக்கறாங்க…” பின்னாலிருந்து மாமியார் குரல், இது நிஜ மாமியார், தெளிவாகக் கேட்டது: “ஏம்மா, சாப்பாட்டுக்கு வர்றியா இல்லையா?” அதற்கும் பின்னால் நாத்தனார் மகளின் கீச்சுக்குரல்: “அத்தை, என் பென்சில் பாக்ஸ் காணோம்!”

“வரல. பென்சில் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில.” வைத்துவிட்டாள்.

பச்சைவிளக்கு சிரித்தார். “ஒண்ணு கேட்டா கோச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு உங்க பேர் தெரியுமா? நானும் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. ‘இந்தா’வைத் தவிர வேற ஒண்ணும் காதுல விழுந்ததில்ல.”

“தெரியும், தெரியும். கல்யாணப் பத்திரிகையில பாத்திருக்கார்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

இந்தா. ஏம்மா. அத்தை. நாள் முழுக்க அந்த வீட்டில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் அவளும் போகிறாள். ஆனால் அவள் பெயரை எழுதிக் கொடுத்து, வீடு முழுக்கத் தேடி இதைச் சொல்லி அழைப்பவர் யார் என்று பார்க்கச் சொன்னால், பதில் பூஜ்யம். அவள் கண்டுபிடித்த சோதனையின்படி அவள் செத்துப்போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

“என்ன, முகம் இப்படிப் போச்சு? விளையாட்டுக்குத்தானே சொன்னேன்.”

“நீங்க சொன்னதுல தப்பில்ல. நான் தேடினதுலதான் தப்பு.”

அவள் மாமியாரின் நடுப்பகுதிக்குப் போனாள். ‘அழை’ என்ற கட்டளை வரும் இடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லா இடத்திலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மேற்கோள் குறிகளுக்குள் ஒரு மருமகளின் பெயர் இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் இல்லை. அங்கே மேற்கோள் குறியே கிடையாது. ‘எந்த-வேலை’ என்று ஒரு பெட்டியின் பெயர் மட்டும் இருந்தது. எட்டு எழுத்து கொள்ளும் வெற்றுப் பெட்டி. பெட்டிக்குள் அந்த நேரத்தில் என்ன பெயர் கிடக்கிறதோ, அதை அழை. இந்த வரியை அவள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறாள், தெருவில் மூடிக் கிடக்கும் கதவைக் கடப்பதுபோல.

அதற்கு மேலே இருந்த வரிகளைப் படித்தாள். பெட்டி துண்டு துண்டாக நிரப்பப்பட்டது. முதல் மூன்று எழுத்து எல்லோருக்கும் பொது, குடும்பப் பெயர் மாதிரி. அடுத்த இரண்டு, வந்த கோரிக்கையிலுள்ள ரத்த வகையிலிருந்து. அதற்கடுத்த இரண்டு, நோயாளியின் ரத்தத்தில் கண்ட விசேஷத்திலிருந்து. கடைசி எழுத்து, அவசரமா சாவகாசமா என்பது. நான்கு துண்டும் சேர்ந்தால் ஒரு பெயர். அந்தப் பெயரை எந்த மனிதனும் எந்த வரியிலும் எழுதியதில்லை. ஒரு நோயாளி வந்தபிறகுதான் அது பிறக்கும்.

அழைப்புக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அந்தப் பெயரில் யாரும் இல்லையென்றால், சத்தம் போடாதே, மேலே போ.

நூறு நோயாளிகளில் தொண்ணூற்றொன்பது பேருக்கு விசேஷம் எதுவும் இருக்காது. அவர்களுக்கு வழக்கமான வழி போதும். விசேஷமான ஒருத்தி வரும்போது மட்டும் அவளுக்கென்று ஒரு நிரல் இருந்தால் வந்து செய்யட்டும் என்று அந்த முகம் தெரியாத ஆள் எழுதிவைத்திருக்கிறார். இருந்த நிரலைத் துடைப்பம் வழித்து வெளியே போட்டாள். மாமியார் நேற்று அந்த மருமகளைக் கூப்பிட்டார், பதில் வரவில்லை, மரியாதையாக மேலே போய்விட்டார்.

“இன்னைக்குக் காலையில வந்த கோரிக்கையெல்லாம் சோதனை மிஷின்ல ஒரு தடவை ஓட்டணும்,” என்றாள். “நேத்து வந்ததையும் சேத்து. இந்த வரியில ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் திரையில தெரியணும்.”

பச்சைவிளக்கு இப்போது வேடிக்கை பேசவில்லை. நேரே விசைப்பலகையை இழுத்தார்.

பெயர்கள் வரத் தொடங்கின.

முதலில் மெதுவாக, பிறகு மழை பிடித்துக்கொண்டதுபோல. எட்டு எழுத்து, எட்டு எழுத்து, எட்டு எழுத்து. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருந்தார். எங்கோ ஒரு படுக்கை, எங்கோ ஒரு விபத்து, சிறுநீரகம் கெட்ட யாரோ ஒருவர், குறைமாதக் குழந்தை ஒன்று. அவர்களுடைய ரத்தமே எழுத்தாகி, எழுத்து பெயராகி, அந்தப் பெயரை மாமியார் உரக்கக் கூப்பிட்டார். சில பெயர்களுக்கு ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தது; அந்த வரி பச்சையானது. பெரும்பாலான பெயர்களுக்கு யாரும் இல்லை. கூப்பிட்டார், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காத்திருந்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார்.

“இதென்ன, இல்லாத ஆளையெல்லாம் கூப்பிடறாங்க?” என்றார் பச்சைவிளக்கு. குரல் தணிந்திருந்தது.

“இன்னும் பிறக்காதவங்களையும் சேத்துக் கூப்பிடறாங்க. நாளைக்கு ஒரு புது வியாதி வந்து, அதுக்கு நாம ஒரு புரோகிராம் எழுதி, சரியான பேர் வெச்சா போதும். மாமியார்ல ஒரு எழுத்துகூட மாத்தவேண்டாம். அவங்க ஏற்கெனவே அதைக் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்காங்க.”

“எத்தனை காலமா?”

“நாம ரெண்டு பேரும் இங்க வர்றதுக்கு முன்னாடியிருந்து.”

எட்டு வருடமாக இந்த மொழியில் சோறு தின்கிறவள் அவள். அதைச் சம்பளக் கணக்கு மொழி, நீட்டி முழக்குகிற மொழி, வாயாடி மொழி என்று எத்தனை கேலி செய்திருக்கிறாள். அதற்குள் இப்படி ஒரு வாசல் திறந்து கிடந்திருக்கிறது. யார் வருவார் என்று தெரியாமலே, வந்தால் இன்ன பெயரில்தான் வருவார் என்று மட்டும் தெரிந்து, நாள் தவறாமல் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வாசல். சொந்தப் பெயரைக் காலியாக விட்டுப்போன ஒருவர் திறந்துவைத்தது. அவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது. பயமும் இருந்தது, ஆனால் இது பயம் மட்டும் அல்ல.

நேற்றைய கோரிக்கையின் முறை வந்தது. பெட்டியில் ஒரு பெயர் கூடியது. கடைசி எழுத்து விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்த பெயர். வியாழக்கிழமை அவள் கையால் போன பெயர். மாமியார் கூப்பிட்டார். யாரும் இல்லை. மேலே போனார்.

அவள் எழுந்து நேராகச் சரிசரியின் அறைக்குப் போனாள்.

“சார், நான்தான் அழிச்சிருக்கேன். அந்தம்மாவுக்கான புரோகிராம், வியாழக்கிழமை போன நாப்பத்தொண்ணுல ஒண்ணு.”

அவர் முதன்முறையாகச் சரி சரி என்று சொல்லவில்லை. “யாருமே அதைக் கூப்பிடலைன்னு சொன்னியே?”

“பேரை எழுதிவெச்சுக் கூப்பிடல. கூப்பிடற நேரத்துல பேரை உண்டாக்கிக் கூப்பிடறாங்க. எழுத்துல தேடினா கிடைக்காது. மூணு வருஷமா இந்த வகை ஆள் யாரும் வரல, அதனால ஓடவும் இல்ல. என் ரெண்டு சோதனையும் சேந்து என்னை ஏமாத்திடுச்சு.”

“இப்ப என்ன பண்றது? எல்லாத்தையும் நிறுத்திட்டுச் சரி பண்ணணும்னா எல்லா ஊரும் முடங்கிடும்.”

“நிறுத்தவேண்டாம். நீக்கறதுக்கு முன்னாடி எடுத்த நகல் இருக்கு. அதுலேர்ந்து அந்த ஒண்ணை மட்டும் பழைய இடத்துல வெச்சா போதும்.”

“ஓடற வண்டிக்குச் சக்கரம் மாட்டுவியா?”

“இந்த வண்டி சக்கரத்தைத் தேடிக்கிட்டேதான் சார் ஓடுது. வெச்சா அதுவே எடுத்துக்கும்.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “நான் பக்கத்துல நிக்கறேன். கெட்டுப்போனா நான்தான் வெக்கச் சொன்னேன்னு சொல்லிக்கலாம். வா.”

பச்சைவிளக்கு நகலை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தார். நாற்பத்தொரு பெயர்களும் திரையில் வரிசையாக நின்றன. துடைப்பம் அந்த ஒன்றைத் தொட்டு, நிரல்கள் வாழும் இடத்துக்குத் திரும்ப அனுப்பினாள். மணி ஒலிக்கவில்லை, திரை அசையவில்லை. மாமியாருக்குத் தெரியக்கூட இல்லை. அவர் பாட்டுக்கு மற்றவர்களின் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ரத்த அறைப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அதே கோரிக்கையை இப்ப மறுபடி போடுங்க.”

“மறுபடி கிணத்துலயா?”

“இந்தத் தடவை கிணத்துல ஆள் இருக்கு. போடுங்க.”

விசைகள் தட்டும் ஓசை அங்கிருந்து கேட்டது. இங்கே மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். கோரிக்கை வந்தது. முதல் மூன்று எழுத்து. அடுத்த இரண்டு. அதற்கடுத்த இரண்டு. கடைசியாக, அவசரம் என்பதற்கான எழுத்து. பெயர் முழுதாகி நின்றது. எங்கோ ஒரு ஊரில், இவர்கள் யாருமே பார்த்திராத ஒருத்தியின் உடம்பில் ஓடும் ரத்தம் எழுதிய பெயர்.

மாமியார் அழைத்தார். ஐந்து நாளாகச் செத்துக் கிடந்த நிரல் எழுந்து வந்து பதில் சொன்னது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று மாமியார் கேட்கவில்லை. நிரல் நான்கு ஊர்களின் உறைபெட்டிகளையும் ஒரு மூச்சில் புரட்டிவிட்டு ஒரு ஊரைச் சொன்னது, ஒரு பெட்டியைச் சொன்னது, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பைகளைச் சொன்னது.

“வந்துடுச்சு!” தொலைபேசியில் அந்தப் பெண் கத்தினாள். “மேடம், தட்டு நம்பர் வந்துடுச்சு! என்ன மேடம் பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. எடுத்த இடத்துல வெச்சேன்.”

சரிசரி அதற்குள் அடுத்த தொலைபேசியில் அந்த ஊர்க்காரரைப் பிடித்திருந்தார். “தட்டு நம்பர் கேட்டீங்கல்ல, எழுதிக்கங்க.” பச்சைவிளக்கு நாற்காலியைத் திருப்பாமலே, திரையில் ஒளிர்ந்த அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மேலேறி, மற்ற பெயர்களோடு கலந்து, திரையின் விளிம்பைத் தாண்டிப் போகும்வரை பார்த்தார்.

இரண்டு பைகளும் மதியத்துக்கு முன்பே உறைபெட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. மாலையில் நடந்த அறுவை சிகிச்சையில் ஒரு பை ஏற்றப்பட்டது; அதுவே போதுமானதாக இருந்தது. பெண் குழந்தை பிறந்தது. இளக்கிய ரத்தத்தை மீண்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் மற்றொரு பை மறுநாள் விதிப்படி அழிக்கப்பட்டது. நீக்கப்பட்ட நாற்பத்தொரு நிரல்களில், இப்படிப் பெயர் கூட்டி அழைக்கப்படக்கூடிய பதினேழு, புதன்கிழமை திரும்ப வைக்கப்பட்டன. புதிய இயந்திரத்துக்கு இடம் மாறும் தேதி ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.